அஞ்சலாட்சி அக்கா சொன்ன ஒரு பொய்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கைபேசி அடித்தது. திரையில் அஞ்சலாட்சி அக்காவின் மகள் சுமதியின் பெயர். அந்த நேரத்தில் அவள் வேறு எதற்கும் என்னை அழைக்கமாட்டாள்.

"சார், அம்மா போயிட்டாங்க. இப்பதான். தண்ணி குடுன்னாங்க, மொண்டுகினு வர்றதுக்குள்ள..."

அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பின்னால் ஒரு பெண் பெருங்குரலில் அழுவது கேட்டது. "வர்றேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் மையத்தின் வேன் ஏழரை மணிக்கு உழவர்கரைப் பக்கம் முதியவர்களை ஏற்றத் தொடங்கும். ஓட்டுநரை அழைத்துச் செய்தியைச் சொல்லி, இன்றைக்கு வேன் வேண்டாம் என்றேன். அவர் முதலில் சரி என்றார். பிறகு, "வேன் எடுக்கலன்னா அக்கா திட்டுவாங்க சார்" என்றார். அதுவும் சரியென்றே பட்டது. அன்றும் வேன் ஓடியது.

அஞ்சலாட்சி அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். மூலக்குளத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறை ஒரு சேவை மையம் நடத்துகிறது. பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், யாரோ குடியிருக்கக் கட்டிய வீடு. முன்னறையில், பிறவியிலேயே கை கால் வளர்ச்சி தடைப்பட்ட சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி. நடுக்கூடம், பகலில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்களுக்கு. பின்னறையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தையலும் காகிதப்பை செய்வதும் கற்றுக்கொடுக்கிறோம். நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். அக்கா உதவியாளர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, துணி மாற்றுவது எல்லாம் அவருடைய வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் அதைச் செய்தார். அதற்கு முன்பு பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவர். ஆலை மூடியபிறகு வேலை தேடி எங்களிடம் வந்தார்.

வந்த முதல் நாளே, முன்பிருந்தவரை அழைத்த பழக்கத்தில் துறை மாணவி ஒருத்தி அவரை "ஆயா" என்று கூப்பிட்டுவிட்டாள். அக்கா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல ஆயான்னா பாட்டி. எம் பொண்ணு இன்னும் பள்ளிக்கூடம் போவுது. என்னப் போயி ஆயான்னா எப்படி?" மாணவி பயந்துபோய் "சாரி மேடம்" என்றாள். "மேடமும் வாணாம், அக்கான்னு கூப்புடு." அன்றிலிருந்து மையத்துக்கே அவர் அக்கா. தொண்ணூறு வயதுக்காரர்களுக்கும்.

குணத்தில் அவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் அது பிடிக்காது. சட்டென்று கோபப்படுவார். பிடிக்காதவர்களிடம் பேசவே மாட்டார். பிடித்த குழந்தைக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைப்பதை ஒளிக்கவும் தெரியாது. என்னோடு முதல் ஆண்டு முழுக்கச் சண்டைதான். நோயாளியைத் தூக்கும் முறை என்று நான் படம் போட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இந்தப் படத்துல இருக்கிற ஆளு தூக்குறதுக்கு வாகா ஒக்காந்துருக்காரு சார். நம்ம ஆளுங்க அப்படியா ஒக்கார்றாங்க?" என்பார்.

எங்களைச் சமாதானப்படுத்தியது யாழினி என்ற மூன்று வயதுக் குழந்தை. இரண்டு கால்களும் விறைத்துப் பின்னிக்கொள்ளும். முன்னறையில் நடை பழக்கும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினால் கத்தித் தீர்ப்பாள், ஓர் அடி வைக்கமாட்டாள். நான்கு மாதம் முயன்று நான் சோர்ந்துவிட்டேன். ஒரு நாள் காலை மையத்துக்குள் நுழைந்தால் இரட்டைக் கம்பிகள் முதியவர்களின் கூடத்தில் நிற்கின்றன. அக்காவும் ஓட்டுநரும் தூக்கிவந்து போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் திட்டம் வேறு, முதியவர் திட்டம் வேறு, இடம் கலக்கக்கூடாது என்பது துறையின் விதி. நான் கத்தினேன்.

அக்கா அசரவில்லை. "நாலு சுவத்தப் பாத்து யாரு சார் நடப்பா? பாக்க ஆளு வாணாமா?"

யாழினி அன்றும் அழுதாள். ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த பதினான்கு முதியவர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகைக்கு நடுவில் அவளும் அவர்களைப் பார்த்தாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கம்பியைப் பிடித்தபடி வலது காலை ஒரு சாண் நகர்த்தினாள். கூடத்தில் எழுந்த சத்தத்தில் பின்னறையில் தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. எங்கள் இயக்குநர் அம்மா அதைத் தன் கண்ணால் பார்த்தார். விதியைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

அப்போதுதான் லெயோன் ஐயா எங்களிடம் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். மனைவி இறந்தபிறகு மறதி நோய் பற்றிக்கொண்டது. தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, பிரெஞ்சு மட்டும் நின்றது. மகள் மதலேன் அம்மா ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். காலையில் விட்டு, மாலையில் அழைத்துப் போவார்.

ஐயா முதல் வாரம் சாப்பிடவே இல்லை. தட்டை வைத்தால் தள்ளிவிடுவார். அக்கா மதலேன் அம்மாவைக் கதவருகே நிறுத்தி, "உங்க வீட்ல அவர எப்படிம்மா சாப்பிடக் கூப்புடுவீங்க?" என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே "ஆ தாப்ள்" என்றார். சாப்பிட வாங்க என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்களாம். ஐயா என்பதற்கு 'முசியே'. அன்றைக்கு மத்தியானம் கூடமே கேட்கும்படி அக்கா "ஆ தாப்ள், முசியே!" என்று கூப்பிட்டார். லெயோன் ஐயா எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். நடந்து வந்து மேசையில் உட்கார்ந்தார். சாம்பார் சாதம் முழுவதும் சாப்பிட்டு, நன்றிக்கு "மெர்சி" என்றார். "அதுக்கு நான் இன்னா சொல்லணும்?" என்று அக்கா என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "பரவால்ல முசியே" என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஓராண்டு அப்படியே போயிற்று.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணியளவில், பழுதுபார்க்கக் கொடுத்த சக்கர நாற்காலியை வாங்கப் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். அந்தக் கதவின் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கும். கடைசியாக உள்ளே வருபவர் போட வேண்டும். நாற்காலியை வாங்கினேன். அதற்குள் ஒரு தொலைபேசி. பேசிக்கொண்டே வீட்டைச் சுற்றி முன்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டேன். பின்கதவு திறந்தே கிடந்தது.

அரை மணி கழித்து அக்காவின் குரல் கேட்டது. "ஆ தாப்ள், முசியே!" பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு கழிப்பறைக் கதவைத் தட்டும் ஓசை. அப்புறம் ஓடும் ஓசை.

மூன்று மணி நேரம் தேடினோம். ஐயா கடலோரத்தில், தேங்காய்த்திட்டில் இருந்தார். துறைமுகம் என்று எப்படியோ தமிழில் யாரோ ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்லி ஏறியிருக்கிறார். மீன்பிடிப் படகுகள் கட்டும் இடத்தில், உச்சிவெயிலில், செருப்பில்லாமல், பட்டாளத்துக் கப்பலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிழலுக்கு அழைத்திருக்கிறார்கள். வர மறுத்துவிட்டாராம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மயங்கிச் சரிந்திருந்தார். நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள்.

அன்று மாலை இயக்குநர் அம்மா எங்கள் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்துக் கேட்டார். "பின்கதவைத் திறந்து விட்டது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொன்னார். "நான்தாம்மா. குப்ப கொட்டப் போனேன். தாப்பாப் போட மறந்துட்டேன்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை, அதட்டல்தான் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று பல முறை எனக்கே காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மனைவி பிள்ளை பெற்று இருபது நாள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு நான் பயந்தேன், அதனால் பேசவில்லை. வேறு விளக்கம் ஒன்றும் இல்லை.

விசாரணைக் குழுவின் முன்னும் அக்கா அதையே சொன்னார். ஊருக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவியர் விடுதிச் சமையல்கூடத்துக்கு அவரை மாற்றினார்கள். இனிமேல் குழந்தைகள், முதியவர் பக்கம் வேலை தரக்கூடாது என்று கோப்பில் எழுதினார்கள். பேருந்து மாறிப் போய்வர அவருக்குத் தினமும் மூன்று மணி நேரம் ஆயிற்று.

ஒரே ஒரு முறை அவரைப் பார்க்கப் போனேன். பெரிய அண்டாவில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, நான் போய் உண்மையச் சொல்லிடறேன்" என்றேன்.

அதைக் காதில் வாங்காதவர்போல, "யாழினி எத்தன அடி நடக்குது?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"கம்பியப் புடிச்சா, புடிக்காமயா?"

"ஒரு கை மட்டும் பிடிச்சி."

"அப்பன்னா போயி அந்த வேலயப் பாருங்க" என்று அண்டா பக்கம் திரும்பிக்கொண்டார்.

லெயோன் ஐயா மையத்துக்கு மறுபடி வரவே இல்லை. அந்தப் புதன்கிழமையிலிருந்து ஏழாம் மாதம் இறந்துபோனார். நெடுநாள் நோய், எண்பத்தாறு வயது, அந்த ஒரு நாள் வெயிலால் போனார் என்று மருத்துவர் யாரும் சொல்லவில்லை. நானும் இயக்குநர் அம்மாவும் துக்கத்துக்குப் போனோம். கூடத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சன்னல் வழியாக, வாசலில் அக்கா வந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் சம்பங்கி மாலை.

மதலேன் அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். சத்தம் போடவில்லை. ஆனால் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. "நீங்க எதுக்கு வந்தீங்க? எங்க அப்பாவத் தொலச்சது போதாதா?"

அக்கா தெருவைக் கடந்து எதிர்ச்சுவர் ஓரம் போய் நின்றுகொண்டார். அந்தச் சுவருக்கு நிழல் கிடையாது. பெட்டியை எடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றார். வண்டி கிளம்பியபோது மாலையைச் சுவர்மேல் வைத்துவிட்டு நடந்து போனார். அவ்வளவு நேரமும் நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

மறுநாள் காலை இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதச் சொல்ல ஏழு மாசமா?" என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். என் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குச் சுருக்கி, எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். வேலை போகவில்லை. அவ்வளவு பயந்ததற்கு நடந்தது இவ்வளவுதான். அக்காவைப் பதினைந்து நாளில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

வந்தவர் என்னோடு பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, நானே போய் மன்னிப்புக் கேட்டபோதுதான் வெடித்தார்.

"எதுக்குச் சொன்னீங்க? ஏழு மாசம் நான் பட்டதெல்லாம் வீணா? ஒங்க மூஞ்சிக்காகவா நான் சொன்னேன்? அந்தப் புள்ள அப்பதான் கம்பியிலேந்து ஒரு கைய வுட்டுட்டு நின்னுச்சு. ஒங்கள வெளிய அனுப்பிட்டா இன்னொரு ஆளு வர வருசம் ஆவும். அதுக்குள்ள அது கால் பழையபடி பின்னிக்கும். எனக்கு பதிலா எவ வேண்ணாலும் வந்து பீ மூத்தரம் அள்ளுவா. அத யோசிச்சித்தான் சொன்னேன்."

மையத்தில் இருந்த அத்தனை பேரின் வேலையையும்விடத் தன் வேலை மட்டம் என்று அவர் நினைத்திருந்தார். நாங்கள்தான் அப்படி நினைக்க வைத்திருந்தோம்.

மதலேன் அம்மா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. மறுநாள் அவரே மையத்துக்கு வந்தார். அக்கா ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மதலேன் அம்மா எதிரே நின்று அழுதார். "உங்ககிட்ட நான் எப்படி மன்னிப்புக் கேக்கறது?"

அக்கா கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கேட்டார். "அவரு கடசியா இன்னாம்மா சாப்ட்டாரு?"

"ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு ஸ்பூன் சூப்."

"நீங்க அந்த 'ஆ தாப்ள்' சொல்லிக் கூப்ட்டீங்களா?"

"கூப்பிட்டேன். எந்திரிக்கப் பாத்தாரு."

அக்கா தலையை ஆட்டினார். முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தன் கண்களையும் துடைத்துக்கொண்டார். அந்த ஆண்டிலிருந்து லெயோன் ஐயாவின் கல்லறைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

யாழினி இப்போது ஐந்தாம் வகுப்பு. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் தானே போகிறாள்.

எட்டு மாதங்களுக்கு முன்பு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. மையத்திலேயே, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சரிந்தார். பேச்சுக்கும் நினைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது காலும் கையும் போயின. மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு சுமதி வேலைக்குப் போகவேண்டிய நிலை. ஆகவே தினமும் காலையில் வேன் அவர் வீட்டு வாசலில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகள் மற்றவர்களை ஏற்றி இறக்கிய வண்டியில் அவரை ஏற்றினோம்.

கூடத்தில் மற்ற முதியவர்களோடு உட்கார மாட்டேன் என்றார். சமையலறை வாசலில் நாற்காலி போடச் சொல்லி, அங்கிருந்து புதிதாக வந்த உதவியாளரை அதட்டிக்கொண்டிருப்பார். "தூக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தூக்கு. மூட்ட இல்ல அது, மனுசன்." அந்தப் பெண் நல்லவள். ஒரு நாள் அவள் அக்காவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்வந்தபிறகு, அக்கா வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தன பேருக்குச் செஞ்சிருப்பேன் தம்பி. அவுங்கல்லாம் இப்படித்தான் கூசிப் போயிருப்பாங்களா?" என்றார். "ஒருத்தரும் சொல்லலயே" என்று தானே சொல்லிக்கொண்டார். 'சார்' என்பது எப்போது 'தம்பி' ஆயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன்.

கால் கொஞ்சம் தேறியது. பிடித்துக்கொண்டு நான்கைந்து அடி வைத்தார். கைதான் வசப்படவில்லை. இடது கை விரல்கள் ஐந்தும் உள்ளங்கைக்குள் இறுகி மடங்கிவிட்டன. தினமும் அரை மணி நேரம் நான் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பேன். விட்டதும் மூடிக்கொள்ளும். வலியில் என்னைக் கண்டபடி திட்டுவார். சில நாள் சிரிப்பார். "வுடு தம்பி. அதுக்கு எம்மேல கோவம். தானா எறங்கி வரட்டும்." திங்கட்கிழமை மாலையும் அப்படித்தான் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

செவ்வாய் காலை ஆறரைக்கு நான் போனபோது, கூடத்தில் பாய் விரித்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. தலைமாட்டில் விளக்கு. அக்காவின் நாத்தனார் கையில் வெள்ளைத் துணிக்கிழிசலோடு நின்றார்.

"கையச் சேத்துக் கட்டணும் தம்பி. இந்தக் கை விரியாதுன்னு சுமதி சொல்லுது. இழுத்தா ஒடிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. நீங்கதான் தெனம் புடிச்ச ஆளு."

சுமதி என்னைப் பார்த்தாள். அவள் கண்களில் அழக் கண்ணீர் மிச்சமில்லை. "வலிக்காம எடுங்க சார்" என்றாள்.

நான் அருகில் உட்கார்ந்து அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் லேசாகச் சூடு இருந்தது. எட்டு மாதப் பழக்கத்தில், வலிக்குமே என்று என் தோள் தானாக இறுகியது. கட்டைவிரலுக்கு அடியில் என் விரலை நுழைத்தேன்.

இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் வந்தது. மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, தூங்கும் குழந்தையின் விரல்களைப் போல, எந்த எதிர்ப்பும் இல்லாமல் நிமிர்ந்தன. நரம்பின் இறுக்கம் உயிரோடு போய்விடும் என்று நான் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு முழுதாக விரிந்த அவருடைய இடது உள்ளங்கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். நகங்கள் அழுந்தியிருந்த இடத்தில் நான்கு சின்னப் பிறைகள் சிவந்திருந்தன.

அவருடைய வலது கையை எடுத்து இடது கையோடு சேர்த்தேன். நாத்தனார் குனிந்து கட்டைவிரல்களைக் கட்டினார். அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிடுவதுபோல் ஆயிற்று. அவர் அப்படி யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நான்தான் கும்பிட்டிருக்க வேண்டும். அன்று செய்தேன்.

போய் வாருங்கள், அக்கா. கதவைத் திறந்து விட்டது நான். இனி யார் கேட்டாலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.